இருபத்திரண்டுக்கு மேல் ரெட் செல்லாது

கதிர்,

இதை எல்லர்ஸ்லி ஆபீஸில் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் போனுமாக உட்கார்ந்து படிக்காதே. வீட்டுக்குப் போ, ஷூவைக் கழற்று, உட்கார்ந்து படி. தமிழில் எழுதியிருக்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய், அப்படிப் படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால், போன சனிக்கிழமையிலிருந்து நீ என்னிடம் சொன்னதெல்லாம் "மா, கேன் ஐ கால் யூ பேக்?" என்பது மட்டும்தான். திரும்பக் கூப்பிடவும் இல்லை. அதனால் கடிதம். அப்பா இதைப் படித்துவிட்டார். ஆரணி படித்தாலும் சரி, ஆரணியின் அப்பா படித்தாலும் சரி, தமிழ்ச் சங்கத்து நோட்டீஸ் போர்டில் கொண்டுபோய் ஒட்டினாலும் எனக்குச் சரிதான். ஒளித்து வைத்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

இந்த மாதக் கடைசியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாக்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது வழக்கம். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே, அவள் வீட்டு ஆட்களைக் குறை சொல்லாதே, சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல். இதையெல்லாம் ஆரணியே உனக்குச் சொல்லித் தருவாள், என்னைவிட நன்றாகவே தருவாள். நான் பேசப்போவது ஒரு கேரம் ஸ்கோரைப் பற்றி. "இட்ஸ் ஜஸ்ட் கேரம், மா" என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. வருகிற சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. ஸ்கோரில் சந்தேகம் இருப்பதால் கோப்பை இரண்டு ஜோடிக்கும் பொது என்று அறிவித்துவிடலாமா என்று என்னைக் கேட்கப்போகிறார்கள். ஸ்கோரரான நான் ஒத்துக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. யார் வந்து கேட்டாலும், நீயே வந்து கேட்டாலும், என் பதில் அதுதான். அதை மாற்ற இதை எழுதவில்லை. நீ செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்த ஸ்கோரர் நாற்காலிக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியாது. நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில், பாபடோயிட்டோய் ஹாலில் சங்கம் கேரம் போட்டி வைத்தது. ஆண்கள் விளையாடினார்கள் என்று சொல்வதைவிட, சண்டை போட்டார்கள் என்று சொல்லலாம். நம் ஊர்க்காரர்கள் கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, ரெட்டுக்கு ஐம்பது என்று எண்ணினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் அது சின்னப்பிள்ளைகளின் கணக்கு என்று சிரித்தார்கள். மலேசியாக்காரர்களுக்கு ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் என்ன தண்டனை என்பதில் தனியாக ஒரு சட்டம் இருந்தது. கடைசியில் போட்டிகளில் பின்பற்றுகிற விதியையே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எண்ணுவது யார்? ஒருவர் ஆளை இன்னொருவர் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து, சாம்பாருக்கு எத்தனை பேர் என்று கேட்க நான் கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தேன். "இந்த அக்கா எண்ணட்டும். அவங்க வீட்டுக்காரருக்குத்தான் கேரமே ஆடத் தெரியாதே" என்று யாரோ சொன்னார்கள். உன் அப்பாவின் விளையாட்டுத் திறமையால் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, ஆனால் சண்டை நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நான்தான். என் முறை உனக்குத் தெரியும், நீ பார்த்து வளர்ந்ததுதான். ஒரு ஆட்டம் முடிந்ததும் யாரும் பலகையில் கை வைக்கக் கூடாது. முதலில் நான் எண்ணுவேன். மொத்தத்தைச் சத்தமாகச் சொல்வேன். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்க விடுவேன். சரி சொன்ன பிறகு பேச்சு இல்லை. பலகையின் நான்கு பக்கமும் நான்கு ஊர்த் தமிழ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இந்த ஒரு 'சரி'தான் எங்களுக்குள் சட்டம். பெரிய பெரிய வாய்க்காரர்கள்கூட அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். ஹாலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு, அதில் நம்பரையும் எழுதுவேன். ஆனால் எழுதுவது கூட்டத்துக்கு, சரி கேட்பது ஆடுகிறவர்களுக்கு.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ பலகையில் உட்கார்ந்திருந்தவன், உனக்கே எல்லாம் தெரியும். ஆனால் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாயே, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஃபைனலில் ஒரு பக்கம் நீயும் ஆரணியின் அப்பாவும். யாழ்ப்பாணத்துக்காரர், வெலிங்டனிலிருந்து பிளாட் புஷ்ஷுக்கு வீடு மாறி வந்து அதிக காலம் ஆகவில்லை. சங்கத்தில் அவருக்கு இது முதல் போட்டி. மாமனாரும் மருமகனும் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள் என்று ஹாலே உங்களைச் சுற்றி நின்றது. மனிதர் நன்றாகவே ஆடுகிறார். ஸ்ட்ரைக்கரை அதட்டாமல், தட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு விரல். எதிரே செல்வியும் ஜாஸ்மினும். செல்வி விருதுநகரிலிருந்து வந்து முதியோருக்கான ரெஸ்ட் ஹோமில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஜாஸ்மின் படிக்க வந்தவள், செல்வியோடு வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறாள். அவர்களுக்கு அந்த ஹாலில் அண்ணன் இல்லை, சித்தி இல்லை, போட்டோ எடுக்க ஒரு ஆள் இல்லை. பெண்கள் ஜோடி ஒன்று நம் சங்கத்தில் ஃபைனல் வரை வந்ததும் இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. பெற்ற வயிறு வேறு எப்படி நினைக்கும்? கல்யாண வீட்டில் அந்தக் கோப்பையை வரவேற்பு மேஜையில் வைக்கலாம் என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது.

இருபத்தைந்தை முதலில் எட்டுகிற ஜோடிக்குக் கோப்பை, உங்கள் ஸ்கோர் பதினான்கில் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் நீங்கள் ரெட்டை எடுத்து, ஃபாலோவும் போட்டு, உங்கள் வெள்ளைக் காய்களை எல்லாம் முடித்தீர்கள். மிச்சம் கிடந்த கறுப்புக் காய்க்கு ஒன்றுக்கு ஒரு பாயிண்ட், ரெட்டுக்கு மூன்று. கறுப்பில் ஐந்து கிடந்தன. அதில் ஒன்று உன் முழங்கைக்குப் பக்கத்துப் பாக்கெட்டின் வாயில் இப்போதோ அப்போதோ என்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணி முடிக்கவும், மாமா சந்தோஷத்தில் காய்களை அள்ளக் கை நீட்டவும், அந்தக் காய் பாக்கெட்டுக்குள் விழவும் சரியாக இருந்தது. அவர் கண்ணுக்கு நான்குதான் தெரிந்திருக்கும். நான் ஐந்தையும் எண்ணியிருந்தேன். "ஐந்தும் மூன்றும் எட்டு. இருபத்திரண்டு" என்றேன். வெள்ளைப் பலகையைத் தலைவர் ராஃபிள் குலுக்கல் நம்பர் எழுத வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போயிருந்தார். மைக்கில் யாருக்கோ ரைஸ் குக்கர் பரிசு விழுந்ததாக ஒரே கூச்சல். மாமா திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் செல்வி, "சரிங்க ஆன்ட்டி" என்றாள். இந்தப் பக்கம் நீ வழக்கம்போல இங்கிலீஷில், "ட்வென்டி டூ, ஓகே" என்றாய். விரலில் இருந்த பவுடரை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டே சொன்னாய். ஜீன்ஸில் துடைக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று அப்போது நினைத்தேன், அதனால் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஆட்டத்தையும் நீங்கள்தான் முடித்தீர்கள், ரெட்டும் உங்களுடையது, எதிராளியின் காய் ஒன்றே ஒன்று மிச்சம். மாமா கை கொடுக்க எழுந்துவிட்டார். அவர் கணக்கில் இருபத்தொன்றும் ஒன்றும் மூன்றும் இருபத்தைந்து, ஆட்டம் முடிந்தது. ஆனால் இருபத்திரண்டை எட்டிய ஜோடிக்கு அதற்குப் பிறகு ரெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது. மீதியைக் காய்களால்தான் சம்பாதிக்க வேண்டும். "இருபத்துமூன்று, இன்னும் ஒரு ஆட்டம் இருக்கிறது" என்றேன். விதியை மாமா மறுக்கவில்லை, அது அவருக்கும் தெரியும். அதற்கு முந்தின நம்பரைத்தான் மறுத்தார். உன் பக்கம் திரும்பி, "தம்பி, அம்மா இருபத்தொண்டுதானே சொன்னவா?" என்று கேட்டார். ஹால் முழுக்க உன்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நீ பலகையைப் பார்த்துக்கொண்டு, "ஐ டோன்ட் ரிமெம்பர், மாமா" என்றாய்.

உனக்கா ஞாபகம் இல்லை? எட்டு வயதில் எந்த மாமா உனக்கு எந்த சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார் என்று இன்றைக்கும் ஒப்பிக்கிறவன் நீ. எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் அவர்களுக்கே மறந்துபோன வைஃபை பாஸ்வேர்டைச் சொல்கிறவன். உன் பத்தாவது பிறந்தநாள் பாயசத்தில் நான் சர்க்கரை போட மறந்ததை ஆரணியிடம் சொல்லிச் சிரித்தாயே, அதற்கு என்ன வயசாகிறது? கண்ணா, உன் ஞாபகசக்தியை உனக்குக் கொடுத்தவளே நான்தான். அதைப் பற்றி என்னிடம் கதை விடாதே.

ஏன் அப்படிச் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். உன்னைக் கெட்டவன் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் நாளை அப்பா ஸ்தானத்துக்கு வரப்போகிறவர். யாரையும் தோற்கடிக்க உனக்கு மனசு வரவில்லை. நடுவில் நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் வலிக்காது என்று கணக்குப் போட்டாய். தலைவர், ஆட்டத்தை முடியுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். முடித்தீர்கள். அந்தப் பெண்கள் பதினேழில் இருந்தார்கள், ரெட்டையும் எடுத்து, உங்களுடைய ஐந்து காய்களைப் பலகையிலேயே விட்டுவிட்டு, இருபத்தைந்தில் வந்து நின்றார்கள். கைதட்டல் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. கோப்பையைக் கொடுத்த தலைவரும் ஏதோ பார்சலைக் கை மாற்றுகிற மாதிரித்தான் கொடுத்தார். ஜாஸ்மின் போனை நீட்டி அவளே ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஹாலில் அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஸ்கோர் மட்டும்தான் இருந்தது. அதிலும் பாதியைப் பிடுங்கி என் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னால் எப்படிக் கொடுப்பேன்?

ஒன்று மட்டும் நீயே யோசித்துப் பார். நான் உங்களுக்கு எதிராகவோ, அசட்டையாகவோ எண்ணியிருந்தால் பாக்கெட் வாயில் இருந்த அந்தக் காயை விட்டிருப்பேன். விட்டிருந்தால் இருபத்தொன்று, அடுத்த ஆட்டத்தில் ரெட் செல்லும், கோப்பை உங்கள் கையில். உங்களுக்கு உரிய ஒரு பாயிண்டை விடாமல் கொடுத்ததால்தான் நீங்கள் தோற்றீர்கள். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. என் பக்கத்திலும் ஒரு தப்பு உண்டு. மைக் கத்திக்கொண்டிருந்தபோது நான் மாமாவைத் திரும்ப வைத்து இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு குரல் போதும் என்பது எங்கள் வழக்கம், அந்தக் குரல் என் மகனுடையது என்று கொஞ்சம் தைரியமாக இருந்துவிட்டேன்.

இந்த 'ஞாபகம் இல்லை' என்ற வார்த்தை நம் வீட்டுக்குப் புதிதில்லை. உன் மதுரை அத்தை மகளின் கல்யாணத்துக்கு நாம் போகவில்லை, உனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. எனக்கு லீவு கிடைத்திருந்தது, பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டேன். அப்பாவுக்குத்தான் ஆபீஸில் லீவு கொடுக்கவில்லை. கூடப் பிறந்தவளிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். "அவளுக்கு லேபில் லீவு தரமாட்டேன்கிறாங்க" என்று என் தலையில் போட்டுவிட்டார். பிறகு ஒரு தடவை ஊருக்குப் போனபோது அத்தை என்னைப் பார்த்து, "என் தம்பி வர்றேன்னுதான் சொல்லியிருப்பான், நீதான் விடலை" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்து, "சொல்லுங்களேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "யாருக்கு லீவு இல்லைன்னு எனக்கு சரியா ஞாபகம் இல்லையே" என்றார். அந்த நிமிஷம் வீடு அமைதியாகிவிட்டது, அவர் நினைத்தது நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக அத்தை என்னிடம் பேசியதெல்லாம் "சாப்பாடு ஆச்சா" மட்டும்தான். அவள் கோபம் அவளுக்கு நியாயம், என் கோபம் எனக்கு நியாயம். நடுவில் ஒரு மனிதர் இரண்டு பக்கமும் நல்ல பெயரோடு உட்கார்ந்திருந்தார். இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுது. ஆனா அப்புறம் நானே அக்காகிட்ட சொல்லிட்டேன், அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். ரொம்ப லேட்டாகச் சொன்னார், அதையும் எழுதிவிட்டேன்.

இதெல்லாம் இருக்க, ஞாயிற்றுக்கிழமை நான் பிளாட் புஷ்ஷுக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. போகாதே என்பாய், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், நேரம் வீண். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று கொஞ்சம் அதிரசம் எடுத்துக்கொண்டேன். ஆரணி வேலைக்குப் போயிருந்தாள். மாமாதான் கதவைத் திறந்தார். "வாங்கோ அக்கா, உள்ளுக்க வாங்கோ" என்றார். முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சர்க்கரை காணுமா என்று கேட்டார், போதுமா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, நான் இருபத்திரண்டுன்னுதான் சொன்னேன். அதை மாத்த மாட்டேன். அதை உங்க முகத்துக்கு நேரா சொல்லணும்னுதான் வந்தேன்" என்றேன்.

அவர் தேநீரை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "நீங்கள் கள்ளம் செய்தனீங்கள் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை அக்கா. எனக்கு நாலு காய்தான் தெரிஞ்சது. கோப்பை எனக்குப் பெரிசில்லை. சபையில நிண்டு நான் பிழையாக் கதைச்சுப் போட்டனோ எண்டதுதான் நெஞ்சுக்குள்ள கிடக்குது. அதுதான் தம்பியைக் கேட்டனான்" என்றார். "அவன் ஞாபகம் இல்லைன்னுட்டான்" என்றேன். "ஓம்" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். "தம்பி நல்ல பிள்ளை அக்கா. நான் பிழையெண்டால், பிழை மாமா எண்டு மெல்லமாச் சொல்லியிருப்பார். அதில என்ன இருக்கு? அவர் வாய் திறக்கேல்லையெண்டால் எனக்கு ஒண்டுதான் விளங்குது. பெத்த தாயைச் சபையில விட்டுக் குடுக்க ஏலாமல் பேசாமல் இருக்கிறார். அப்ப நான் சரி எண்டுதானே அர்த்தம்?"

கதிர், நான் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு விளங்குகிறதா? மாமாவைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ வாயை மூடிக்கொண்டாய். அவர் அதை, நீ என்னைக் காப்பாற்றுவதாக எடுத்துக்கொண்டார். நீ எதுவும் சொல்லவில்லை என்று நீதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அம்மா தப்பாக எண்ணினாள், அதை மறைக்கப் பிள்ளை திணறுகிறான் என்று நீ சொல்லியதாக அவர் சனிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமா? ஹாலில் இருந்த பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். மலேசியாக்காரரான நம் தலைவர் எனக்கு போன் செய்து, "எதுக்குக்கா பிரச்சினை, மகன் கல்யாணம் வருது, ரெண்டு டீமுக்கும் கொடுத்து முடிச்சிடலாம் லா" என்று அவ்வளவு இரக்கமாகச் சொன்னாரே, அந்த இரக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளை எல்லோரும் சேர்ந்து மன்னித்துவிடப் பார்க்கிறார்கள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பம் இல்லை.

அதைவிட எனக்கு அந்த மனிதரை நினைத்துத்தான் கஷ்டமாக இருந்தது. நீ பேசாமலே இருந்தால், சனிக்கிழமை கமிட்டியில் எழுந்து நின்று இருபத்தொன்று என்று மறுபடியும் சொல்லப்போகிறார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர், உன் மௌனத்தை நம்பி ஒரு தப்பான நம்பருக்காக ஊர் முன்னால் நிற்கப்போகிறார். நாளைக்கு எப்போதாவது அவருக்கு உண்மை தெரியவரும். ஆரணியிடம் உன்னால் இதை எத்தனை நாள் மறைக்க முடியும்? தெரிந்தால் அவர் என்னைக் கோபிக்க மாட்டார். தெரிந்தும் என்னை நிற்க விட்டானே என்று உன்னைத்தான் நினைப்பார். நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிற வீட்டில் இதுவா முதல் வரவு? நாளைக்கு ஆரணிக்கும் எனக்கும் ஏதாவது வரும், வராமல் இருக்காது, நான் அப்படி ஒன்றும் லேசான மாமியார் இல்லை. அப்போதும் நீ நடுவில் நின்று தலையைச் சொறியக் கூடாது. அவள் சொல்வது சரி என்றால் என் முகத்தைப் பார்த்து, அம்மா நீ சொல்வது தப்பு என்று சொல். எனக்குக் கோபம் வரும், ஒரு நாள் பேசாமல் இருப்பேன், மறுநாள் உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்துவிட்டுக் கூப்பிடுவேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கோபம் எதன் மேல் என்றே தெரியாமல் போய்விடும்.

அன்றைக்கு அந்த வீட்டில் நான் ஒரு காரியம் செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். "அண்ணா, அவனுக்கு ஞாபகம் இருக்கு. அவன் சத்தமா சரின்னு சொன்னான். சனிக்கிழமைக்கு முன்னாடி அவனே உங்களுக்கு போன் பண்ணிச் சொல்லுவான்" என்றேன். "தம்பி சொன்னால் காணும் அக்கா. கமிட்டியில நானே எழும்பி, என்ர பிழை எண்டு சொல்லுறன். அதில எனக்கு ஒரு வெட்கமும் இல்லை" என்றார். கிளம்பும்போது அதிரசம் நன்றாக இருந்தது என்றும் சொன்னார், நீ இதுவரை சொன்னதில்லை.

நேற்றுச் செல்வி கூப்பிட்டாள். டியூட்டிக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து பேசினாள். யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "ஆன்ட்டி, எங்களால உங்க வீட்டுக் கல்யாணத்துல மனஸ்தாபம் வேணாம். கப்பைத் திருப்பிக் கொடுத்துடுறோம். நாங்க ஜெயிச்சோம்னு எங்களுக்குத் தெரியும், அது போதும்" என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை உன்னிடம்தான் காட்ட வேண்டும், அவளிடம் காட்டி என்ன பயன்? "கோப்பை இருக்கிற இடத்துல இருக்கட்டும், நீ ஒழுங்கா டியூட்டிக்குப் போ. என் பையன் பேசிட்டான், எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டேன்.

முடிந்துபோயிற்று என்று சொல்லிவிட்டேன், கதிர். நீ இன்னும் பேசவே இல்லை. இத்தனை வருஷத்தில் விழாத காயை ஒரு தடவையும் விழுந்ததாக நான் சொன்னதில்லை. வேண்டியவர்களுக்காகச் சொன்னதில்லை, பயந்து சொன்னதில்லை, ஃபைனலில் என் மகனே பலகையில் உட்கார்ந்திருந்தபோதும் சொல்லவில்லை. இப்போது இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்றால், நீ யார் என்று எனக்குத் தெரியும்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குக் கூப்பிடாதே. முதலில் மாமாவுக்குக் கூப்பிடு.

அம்மா